சுவருக்குப் பூ வைத்தவர்கள்

பதினோரு வீடுகளும் ஒரே ஒரு அடிகுழாயும், அந்தக் குழாயில் வருகிற தண்ணீரைவிட அதிகமாகப் பேச்சும் ஊறிக்கொண்டிருந்த ஆலடிக்குறிச்சி சொக்கலிங்கம் வளவில், உலகம்மைக்கு முடி கொட்ட ஆரம்பித்தது ஒரு தை மாதம். அது அவளுக்குத் தெரிவதற்கு முன்பே வளவுக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் விளக்குமாற்றில் சிக்கிய முடியின் நீளத்தையும் சுருளையும் பார்த்தே அது எந்த வீட்டுத் தலை என்று சொல்லிவிடக்கூடியவர்கள் அங்கே இருந்தார்கள், அந்த அபாரமான கண்ணை அவர்கள் வேறு எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தியதாகத் தகவல் இல்லை.

உலகம்மைக்கு இருபத்தாறு வயது. நைட்டி தைக்கிற கம்பெனியில் தையல் பிசகைப் பார்த்து ஒதுக்குகிற வேலை. இடுப்புக்குக் கீழே கிடந்த அவள் பின்னல் மாசி பிறப்பதற்குள் எலிவாலாகிவிட்டது. வகிடு கோடாக இருந்தது போய் ஒற்றையடிப் பாதையாகி, பிறகு மாட்டுவண்டி போகிற பாதையாகியது. அவள் குடத்தோடு குழாயடிக்குப் போனால் முதலில் ஒரு மௌனம் விழும், அந்த மௌனத்துக்குப் பின்னால் வைத்தியம் வரும்.

"சின்ன உள்ளிச் சாறுளா. அரைச்சு, பிழிஞ்சு, மயிர்க்கால்ல இறங்குத மாதிரி தேய்க்கணும்," என்று சின்ன வெங்காயத்துக்குச் சிபாரிசு செய்வாள் முன்வீட்டு வடிவு அத்தை. சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் சாம்பாரில் தண்ணீர் ஊற்றி ஓய்வு பெற்றவள்.

"உள்ளியெல்லாம் சும்மா. மூணு தடவ மொட்ட போட்டா நாலாவது தடவ காடு மாதிரி வரும்," என்பார் கந்தையா மாமா. பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவர். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் கொஞ்சம் வெள்ளைப் பஞ்சு தவிர அவர் தலையில் ஒன்றும் கிடையாது. அந்தத் தலையோடு முடியைப் பற்றி மணிக்கணக்காகப் பேச அவருக்குக் கூச்சமே வந்ததில்லை, கேட்கிறவர்களுக்கும் வந்ததில்லை.

எல்லாரும் அவள் தலையைத் தொட்டுப் பார்த்தார்கள். சந்தையில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்க்கிற மாதிரி. ஒருத்தரும் அவளை, உனக்கு ஏன் இப்படி அசதியாக இருக்கிறது, ஏன் கழுத்து வீங்கியிருக்கிறது, ஏன் மாதவிலக்கு மூன்று மாதமாக வரவில்லை என்று கேட்கவில்லை. அதைக் கேட்டவள் அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெயசீலி மட்டும்தான். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, வெளியே நீண்டிருந்த வரிசையையும் பார்த்துவிட்டு, அவள் வேகமாகச் சொன்னாள்:

"ஹார்மோன் கோளாறும்மா. தைராய்டு, கூடவே நீர்க்கட்டி. முடி திரும்ப வரும், ஆனா மெதுவாத்தான் வரும். விடிஞ்சதும் வெறும் வயித்துல இந்த மாத்திரை, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காப்பி. தினமும் முக்கால் மணி நேரம் வேகமா நட. முட்டை, பயறு, கீரை விடாம சாப்பிடு. பத்து மணிக்குள்ள தூங்கிரு. ஈரத்தலையைச் சீவாதே, இறுக்கிப் பின்னாதே. கண்ணாடியை ரொம்பப் பாக்காதே. ஆறு மாசம் கழிச்சு வா."

உலகம்மை வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவள் அம்மா செண்பகவல்லி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "எண்ணெய் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டாள்.

செண்பகவல்லியின் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. கோவில்பட்டியில் சம்பந்தம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை செந்தூர்பாண்டி, பைக் ஷோரூமில் மேலாளர். ஆவணியில் பூ வைக்கிற சடங்கு. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம்: ஏழு சுமங்கலிகள் வந்து ஆளுக்கொரு முழம் மல்லிகையைப் பெண்ணின் தலையில் சூட்டுவார்கள், ஊசி, கிளிப், ரப்பர் எதுவும் கூடாது, ஏழு முழமும் முடியின் பலத்திலேயே நிற்க வேண்டும். நின்றால்தான் குடும்பம் நிற்கும் என்று அவர்கள் நம்பினார்கள். அப்படி நின்ற குடும்பங்களின் லட்சணம் என்ன என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

உலகம்மைக்கு ஏழு முழப் பூவைப் பற்றிக் கவலை இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காத, பகலில் கண் சொருகாத, தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளக்கூடிய பழைய உடம்பு. அதற்கு ஆறு மாதம் இடைஞ்சல் இல்லாமல் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அந்த ஆறு மாதத்தைச் சொக்கலிங்கம் வளவில் ஒரு பெண் எப்படிச் சம்பாதிப்பது என்பதை டாக்டர் சொல்லவில்லை.

வளவில் எல்லாப் பெண்களும் தலை சீவினால் சீப்பில் வந்த முடியை விரலில் சுற்றி உருண்டையாக்கி, மூன்று தடவை தூதூ என்று துப்பி, அடிகுழாய்க்குப் பின்னால் நிற்கிற மதில் சுவரின் பொந்தில் திணித்து வைப்பார்கள். முடிக்குப் பாத்திரம் கொடுக்கிற வியாபாரி வந்தால் எடுத்துக் கொடுத்து ஒரு டம்ளரோ கரண்டியோ வாங்கிக்கொள்வார்கள். அந்த வருஷம் வியாபாரி வரவில்லை. மற்றவர்கள் திணித்தது விரல்நுனி அளவு, உலகம்மை திணித்தது தினமும் ஒரு எலுமிச்சம்பழம். பங்குனியில் ஒரு காலை, சுவரைப் பார்த்து நின்று பல் விளக்குகிற கந்தையா மாமா, பொந்தைச் சுற்றிச் செங்கலிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கருகருவென்று முடி முளைத்திருப்பதைப் பார்த்து, வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே அதைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இழுத்த இடத்தில் சுவர் லேசாக நடுங்கியது, உச்சிமுடியைப் பிடித்து இழுத்தால் குழந்தைகள் நடுங்குகிற மாதிரி.

"வடிவு, இங்க வா. சுவத்துல முடி முளைச்சிருக்கு," என்றார் அவர்.

வடிவு அத்தை வந்து பார்த்தாள். முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு நுனியைத் தொட்டுப் பார்த்தாள். "பரட்ட முடி," என்றாள். "எண்ணெய் காணாம கெடக்கு."

அவ்வளவுதான். எப்படி முளைத்தது என்று யாரும் கேட்கவில்லை. மேற்கே பார்த்த ஈரச்சுவர், முளைக்காமல் என்ன செய்யும் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். சித்திரையில் அது தரையைத் தொட்டது. வைகாசியில் அதைத் தூக்கி முடிய இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதுவரைக்கும் உலகம்மையின் தலையில் இறங்கிக்கொண்டிருந்த வைத்தியம் எல்லாம் திசை மாறிச் சுவருக்குப் போனது. செவ்வாய் வெள்ளி சுவருக்கு எண்ணெய்க் குளியல். ஆறு மாதமாக ஒரு மேசனுக்குச் சொல்லி ஒழுகுகிற கூரையைச் சரிபண்ண வக்கில்லாத வளவு, சுவருக்குச் சீயக்காய் இடிக்க முறை போட்டுக்கொண்டது. உள்ளிச் சாற்றை ஊற்றியவள் அது உள்ளியால் வளர்ந்தது என்றாள், செம்பருத்தியை அரைத்துப் பூசியவள் செம்பருத்தி என்றாள், ஒன்றுமே செய்யாத கந்தையா மாமா தான் தினமும் அந்தப் பக்கம் துப்புவதால்தான் என்று நம்பினார், நம்பியதோடு வந்தவர் போனவரிடமும் சொன்னார்.

வருகிறவர்களும் குறைவில்லை. கடையத்திலிருந்தும் பாவூர்ச்சத்திரத்திலிருந்தும் பெண்கள் பஸ் ஏறி வந்து, சுவரின் கூந்தலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உதிர்ந்த ஒரு முடி கிடைத்தால் மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு போனார்கள். வடிவு அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து முறைகள் வகுத்தாள். ஆண்கள் போகும்போது சுவர் தலைவிரிகோலமாக இருக்கக்கூடாது, பின்னியிருக்க வேண்டும். அமாவாசைக்கு மறுநாள் சீப்பு படக்கூடாது. சுவர் இருக்கிற பக்கம் யாரும் குரலை உயர்த்திப் பேசக்கூடாது, பாவம், மனசுக்குள்ளே வைத்துக்கொண்டு உதிர்த்துவிடும். ஒரு செங்கல் சுவரின் மனசைப் பற்றி அத்தனை கவனமாகப் பேசிய வாய், அதே மூச்சில் அந்தப் பக்கம் போன உலகம்மையைப் பார்த்து, "ஏளா மண்டவழுக்கி, வெயிலு கண்ணக் கூசுது, முக்காடு போட்டுட்டுப் போ," என்றது. சிரித்தார்கள். அவளும் சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டு போனாள்.

அவள் காலை ஐந்தரைக்கு எழுந்து மாத்திரை விழுங்கினாள். கால்வாய்க் கரையில் ரயில்வே கேட் வரைக்கும் வேகமாக நடந்து திரும்பினாள். இரண்டு முட்டை அவித்தாள், முந்தின நாள் கட்டிவைத்த முளைப்பயறைத் தின்றாள். ராத்திரி முருங்கைக்கீரை ஆகாது என்று அம்மா தடுத்ததால் அதை மத்தியானச் சோற்றோடு கம்பெனிக்குக் கொண்டுபோனாள். பத்து மணிக்கு முன் படுத்தாள். மறுநாளும் அதையே செய்தாள், அதற்கு மறுநாளும். ஒரு பெண் தினமும் ஒரே நேரத்துக்கு மாத்திரை விழுங்குவதைப் பார்க்க யாரும் கடையத்திலிருந்து பஸ் ஏறி வரமாட்டார்கள் என்பதால், அது அவளுக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. நாலாவது மாதம் படி ஏறும்போது மூச்சு வாங்கவில்லை. விலக்கு நாள் தவறாமல் வந்தது. சீப்பில் வந்த எலுமிச்சம்பழம் கொட்டைப்பாக்காகி, ஆடியில் ஒரு பட்டாணியாக ஆனது.

அந்த ஆடியில்தான் சுவரின் நுனிமுடி பிளந்தது. மேல்வரிசைச் செங்கல் இரண்டு முடியில்லாமல் வெறுமனே தெரிந்தது. சாறுகளைக் கூட்டினார்கள், சாம்பிராணி போட்டார்கள், திருஷ்டி கழித்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. விளக்குமாற்று முடியிலேயே வீட்டைச் சொல்லுகிற கண்ணல்லவா, வடிவு அத்தை ஒருநாள் உலகம்மை பொந்தில் திணிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அன்றைக்கு மத்தியானமே வளவைக் கூட்டிவிட்டாள்.

"நம்ம தேய்ச்ச எதும் இல்ல. இவ கொட்டுனதத் தின்னுதான் அது வளந்திருக்கு. இப்ப இவளுக்கு நின்னுபோச்சு, அதுக்கு எரை இல்ல."

எல்லாரும் உலகம்மையைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் முதல் தடவையாக ஒரு மரியாதை இருந்தது, பால் வற்றிய பசுவிடம் காட்டுகிற மரியாதை.

"இன்னொரு ஆறு மாசம் கொட்டட்டும்மா," என்றார் கந்தையா மாமா. "உனக்கென்ன, கொட்டிப் பழகின தலதான."

"நான் குணமாயிட்டு வாரேன் மாமா."

"யாரு வேண்டாம்னா. பெறவு குணமாகிக்கோ. வளவுக்குன்னு ஒரு பேரு வந்திருக்குல்லா."

அவள் பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள், சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் ஐந்தரைக்குக் கதவைத் திறந்தால் வடிவு அத்தை ஆவி பறக்கிற காப்பியோடு நின்றாள், "குடிளா, மாத்திரைய மெதுவாப் போட்டுக்கலாம்," என்று. ஒன்பதரைக்கு அவள் விளக்கை அணைத்தால் அடுத்த வீட்டு டிவி ஜன்னல் பக்கமாக நகர்ந்து வந்து அலறியது. நடைக்குப் போடுகிற செருப்பு ஒருநாள் கால்வாயில் மிதந்தது. பெண்கள் சீப்போடு வந்து, "வா உலகு, நறுக்குனு இறுக்கி ஒரு பின்னல் போட்டு விடுதோம்," என்று அவள் முடியைக் கைக்கு எடுக்கப் பார்த்தார்கள். உள்ளிச் சாறு கொண்டுவந்த அதே கைகள். அவள் நலத்தை விரும்பியபோது எப்படி விடாப்பிடியாக இருந்தார்களோ அதே விடாப்பிடியோடு இப்போதும் இருந்தார்கள். அவர்களுக்கு இரண்டும் ஒரே வேலைதான் என்பது உலகம்மைக்கு அப்போது புரிந்தது.

அவள் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு கதவைத் திறப்பதற்கு முன்பே விழுங்கினாள். காதில் பஞ்சு வைத்துத் தூங்கினாள். வெறுங்காலோடு நடந்தாள். தாங்கமுடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். ஒரு காலை அவள் எழுவதற்கு முன்பே அம்மா காப்பித் தம்ளரை நீட்டிக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"இதக் குடிச்சிருட்டி."

"நீயுமாம்மா?"

"ஆவணி வரைக்கும்தான்," என்றாள் செண்பகவல்லி, மகள் முகத்தைப் பார்க்காமல். "உன் தலையில ஏழு முழம் நிக்காது. சுவத்துல நிக்கும். அதுவும் உன் முடிதானன்னு வடிவு மதினி கோவில்பட்டிக்காரங்ககிட்டப் பேசியிருக்கா. அவங்களும் யோசிக்கோம்னு சொல்லியிருக்காங்க. சுவத்துல இருக்கிறதும் உதிந்து போச்சுன்னா நான் எங்க போவேன்?"

உலகம்மை எழுந்து உட்கார்ந்து, அம்மா பார்க்க மாத்திரையை விழுங்கி, தம்ளரை வாங்கி மூடிவைத்தாள். அன்றிலிருந்து சீப்பில் வந்த பட்டாணியைப் பொந்தில் வைக்கவில்லை, கம்பெனிக்குக் கொண்டுபோய் வெட்டுத்துணிச் சாக்கில் போட்டாள்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கோவில்பட்டிக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். செந்தூர்பாண்டி, அவன் அம்மா பரமேஸ்வரி, கூட ஆறு சுமங்கலிகள், ஏழு முழம் மல்லிகை. பேருக்கு முதலில் உலகம்மையை உட்கார வைத்தார்கள். பரமேஸ்வரி முதல் முழத்தை வைத்தாள். அது சறுக்கி மடியில் விழுந்தது. விழுந்த பூவை யாரும் எடுக்கவில்லை. செந்தூர்பாண்டி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுக்கென்ன, அதுக்கென்ன," என்று வடிவு அத்தை முன்னால் வந்தாள். "அவ தலையிலேருந்து போனதுதான் அங்க நிக்கி. ரெண்டும் ஒண்ணுதான். ஒரே ரத்தம்."

அவர்கள் எழுந்து அடிகுழாய்ப் பக்கம் போனார்கள். சுவரைக் குளிப்பாட்டிப் பட்டுப்பாவாடைத் துணி சுற்றி, தாழம்பூ வைத்துப் பின்னியிருந்தது. பரமேஸ்வரி பின்னலைக் கையில் ஏந்திப் பார்த்தாள். சவுரி கலந்திருக்கிறதா என்று வேர்ப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். சுவர் நடுங்கியது. "கூச்ச சுபாவம்," என்று அவள் மகிழ்ச்சியோடு சொன்னாள். "இந்தக் காலத்துல எங்க கிடைக்கு." ஏழு முழமும் வைத்தார்கள், ஏழும் நின்றது. செங்கலில் குங்குமம் வைத்தார்கள். குலவையிட்டார்கள். செந்தூர்பாண்டி சுவரின் பக்கத்தில் நின்று, கையை அதன்மேல் தோள்போலப் போட்டுக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டான். நாலு மாதமாக அவன் போனில் நலமா என்று கேட்கும்போதெல்லாம் உலகம்மை உள்ளதைச் சொல்லி வந்திருக்கிறாள். இத்தனை திருப்தியாக அவன் முகத்தை அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் காப்பித் தட்டோடு வந்து பரமேஸ்வரி முன்னால் நின்றாள்.

"பூ வச்சாச்சா அத்தை?"

"ஆச்சும்மா."

"ஏழும் நின்னுச்சா?"

"கல்லு மாதிரி நின்னுச்சு."

"மாப்பிள்ளைக்குப் பிடிச்சிருக்கா?"

செந்தூர்பாண்டி வெட்கப்பட்டான்.

"அப்ப முகூர்த்தத்தன்னைக்கு வந்து பொண்ணக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் உலகம்மை. "எனக்குப் பூ விழுந்திருச்சு. நான் இந்தப் பேச்சுல இல்ல."

யாரோ சிரிக்க ஆரம்பித்து, அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்கள். செண்பகவல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கந்தையா மாமா தொண்டையைச் செருமினார். "அவ சொல்லுததும் முறைதான். யாருக்குப் பூ வச்சமோ அவளத்தான் அனுப்பணும். பூ வச்ச பொண்ண வீட்டுல வச்சிக்கிட்டு வேற ஆள அனுப்புனா வளவுக்குத் தோஷம்."

பரமேஸ்வரி பின்னலைத் தடவியபடியே யோசித்தாள். சுவர் எதிர்த்துப் பேசாது. மாத்திரை, முட்டை என்று கேட்காது. விடியற்காலையில் தனியாக வெளியே நடக்கப் போகாது. "எங்களுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள்.

அதற்குப் பிறகு பொழுது சாய்கிற வரைக்கும் வாதம் நடந்தது. சுவரைக் கட்டிக்கொடுக்கலாமா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வண்டியில் ஏற்றும்போது தலை கிழக்கே இருக்க வேண்டுமா மேற்கே இருக்க வேண்டுமா என்பதைப் பற்றித்தான். ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் நாலு மேசன்கள் வந்து, அடிபடாமல், இரண்டு முனையிலும் மதிலை அறுத்து, அதைக் கூறைப்புடவையில் சுற்றிக் குட்டிலாரியில் ஏற்றினார்கள். முடி காற்றில் பறக்காதபடி மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டான். வளவே தெருமுனை வரைக்கும் அழுதுகொண்டு போனது. வடிவு அத்தை மார்பில் அடித்துக்கொண்டு, "பெத்த பிள்ளைய அனுப்புத மாதிரி இருக்கே," என்றாள். அவள் பெற்ற பிள்ளை திருப்பூரிலிருந்து மூன்று வருஷமாகப் பேசுவதில்லை.

செண்பகவல்லி இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை சொல்லாமலே முட்டையை அவித்து உரித்து வைத்திருந்தாள். உலகம்மையின் நெற்றியோரத்தில் பச்சைக் குழந்தைக்கு முளைக்கிற மாதிரி பொடிமுடி நின்றது, அம்மா அதை விரலால் ஒதுக்கிவிட்டாள். வளவில் வேறு யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் பக்கத்து மதிலில் பொந்து தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

புரட்டாசி நடுவில் ஒரு காலை, உலகம்மை புதுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பரமேஸ்வரி.

"உலகு, இங்க வந்ததுலேருந்து கொத்துக்கொத்தாக் கொட்டுதும்மா. பாதிச் செங்கல் வெளிய தெரியுது. உனக்கு மட்டும் நல்லா வருதுன்னு உங்கம்மா சொன்னாங்க. தினமும் அப்படி என்னதான் செய்யுத?"

உலகம்மை மறைக்காமல் சொன்னாள். ஐந்தரை மணி மாத்திரையிலிருந்து பத்து மணித் தூக்கம் வரைக்கும், டாக்டர் சொன்ன வரிசையில், ஒன்றையும் விடாமல். தன்னுடைய மாத்திரையை மற்றவர்கள் வாங்கிப் போடக்கூடாது, அவரவர் ரத்தத்தைப் பார்த்துத்தான் டாக்டர் கொடுக்க வேண்டும் என்பதையும் சொன்னாள். மறுமுனையில் ம், ம் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது, பிறகு நின்றது.

"இதெல்லாம் தினமும் யாரும்மா செய்வா," என்றாள் பரமேஸ்வரி. "எண்ணெய் ஏதாவது இருந்தாச் சொல்லு."

"எண்ணெய் ஒண்ணும் இல்ல அத்தை," என்று சொல்லிவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன்னால் ரயில்வே கேட்டைத் தொட்டுவிட வேண்டும் என்று உலகம்மை கிளம்பினாள்.